மணவிற் கூத்தனார்: படைத்தலைவர் ஒருவர் செய்த திருப்பணி

தில்லைப் பெருங்கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துள் நின்று தூண்களை உற்று நோக்குவார்க்கு, விக்கிரமசோழன் திருமண்டபம் என்னும் எழுத்துக்கள் புலனாகும். மண்டபம் வேந்தன் பெயரால் நிலவுகின்றது. ஆயினும் அதனை எடுப்பித்தவர் வேந்தர் அல்லர். அவ்வேந்தனுக்கும் அவன் தந்தைக்கும் படைத்தலைவராய் நின்று பல போர்க்களங்களைக் கண்ட ஒருவர். கூத்தன் என்பது அவர் பெயர். மணவிற் கூத்தன், பொன்னம்பலக் கூத்தன், காலிங்கராயன், நரலோகவீரன், அருளாகரன் எனக் கல்வெட்டுக்கள் அவரைப் பல பெயர்களாற் குறிக்கும். இக்குடமுழுக்கு மலரில் அவர் வரலாற்றை எழுத முற்பட்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

இத்திருக்கோயிலின் குடமுழுக்கைக் காணாமலே சென்ற ஆண்டிற் சிவனடி சேர்ந்த பெரியவர் ஒருவரை அன்பர்கள் பலரும் அறிவர். இளமையிற் படையிற் சேர்ந்து, 1971ஆம் ஆண்டுப் போரிற் கலந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். திரும்பிய நாள்தொட்டு உடல் தளரும்வரை, விடியலில் உழவாரமும் துடைப்பமும் ஏந்தித் திருச்சுற்றைத் தூய்மை செய்வதே அவர்தம் பணியாயிற்று. திருவிளக்கு மட்டும் அவர் ஏற்றார். எண்ணெய் வாங்கி அளிப்பார். திரி திரித்துக் கொடுப்பார். ஏற்றும்படி யாரேனும் சொன்னால், பெயரனை அழைத்து ஏற்றச் செய்து, தாம் கொடிமரத்திற்கு அப்பால் ஒதுங்கி நிற்பார். இதனைப் பல ஆண்டுகள் கண்டும் யான் காரணம் கேட்டதில்லை. ஒருநாள் அந்தியில் அவரே என்பால் வந்து, மனித உயிரை மாய்த்த கை சந்நிதியில் விளக்கேற்றலாமோ என்று மெல்லிய குரலிற் கேட்டார்.

யான் மடத்திற் கற்றதை உடனே சொன்னேன். வாதாபியைத் துகளாக்கிய பரஞ்சோதியாரே சிறுத்தொண்ட நாயனார் ஆயினார் என்றேன். சோழர் சேனாபதியாய் இருந்த கோட்புலியாரையும், வாட்பயிற்சி தந்து வாழ்ந்த ஏனாதிநாதரையும், கூலிக்குப் போர் செய்து வந்த பொருளை அடியார்க்கு அளித்த முனையடுவாரையும் எடுத்துக் காட்டினேன். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிறிது நகைத்தார். அவர்களெல்லாம் நாயன்மார்கள், தாம் ஒரு சிப்பாய் என்று சொல்லித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. நாயனாரைக் காட்டி நம்மனோரை ஆற்றுவிப்பது, மலையைக் காட்டி மணற்குவியலை ஆற்றுவிப்பது போலும் என்று அன்று தோன்றிற்று.

இப்போது அப்பெரியவரின் பெயரர், தம் பாட்டனாரைப்பற்றி இம்மலரில் எழுதவேண்டுமென்று கேட்டார். தம்மைப்பற்றிப் பிறர் பேசுவதைப் பெரியவர் ஒருநாளும் விரும்பினாரில்லை. ஆகலின் அவர் வரலாற்றை விடுத்து, அன்றைய அந்தியில் யான் அவர்க்குச் சொல்லியிருக்க வேண்டியவரும், அப்போது என் நினைவிற்கு வாராது போனவருமாகிய ஒருவர் வரலாற்றை எழுதுகின்றேன். கூத்தனார் அறுபத்துமூவருள் ஒருவர் அல்லர். திருத்தொண்டத்தொகை தோன்றிச் சில நூற்றாண்டுகள் கழிந்தபின் வாழ்ந்தவர். அவர்க்குப் புராணம் இல்லை, குருபூசை இல்லை, இறைவன் விடைமேல் தோன்றி ஆட்கொண்டான் என்னும் செய்தியும் இல்லை. கல்வெட்டுக்களும் ஓர் உலாநூலின் சில அடிகளுமே அவரை நமக்குக் காட்டுவன.

தொண்டை மண்டலத்து மணவிற் கோட்டத்தைச் சார்ந்த அரும்பாக்கம் என்னும் ஊர்க்குத் தலைவராய் விளங்கியவர் கூத்தனார். திருவாலங்காட்டிற்கு அணித்தாக இன்று மணவூர் என வழங்கும் பகுதியே பண்டை மணவில் என்பர். திருவாலங்காடு இறைவன் ஊர்த்துவ தாண்டவம் நிகழ்த்திய இரத்தின சபை. காரைக்காலம்மையார் திருவடிக்கீழ் இருந்து ஆடல் கண்ட தலம். அந்நிலத்துப் பிறந்த குழந்தைக்குக் கூத்தன் எனப் பெயர் அமைந்ததில் வியப்பொன்றுமில்லை. எனினும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். காலிங்கராயன் என்பதும் நரலோகவீரன் என்பதும் வாளால் வந்த பெயர்கள். கூத்தன் என்பது வாளேந்துதற்கு முன்னரே வந்தது.

கி.பி. 1070ஆம் ஆண்டில் முதற் குலோத்துங்க சோழன் அரியணை ஏறினான். தாய்வழியிற் கங்கைகொண்ட சோழனாகிய இராசேந்திரனுக்குப் பெயரனும், தந்தைவழியில் வேங்கிநாட்டுச் சாளுக்கியனும் ஆகிய அவன் பட்டம் எய்திய காலத்தில் சோழப் பேரரசு நாற்றிசையும் கலங்கிக் கிடந்தது. மேற்கே சாளுக்கியர் பகைத்து நின்றனர். ஈழம் கைவிட்டுப் போயிற்று. தெற்கே பாண்டியர் ஐவர் கிளர்ந்தெழுந்தனர், சேரநாடும் தலையெடுத்தது. பாண்டியரை வென்று, கோட்டாற்றுக் கோட்டையை எரியூட்டி, மேலைக் கடற்கரையில் விழிஞத்தையும் கொல்லத்தையும் கைப்பற்றிய செய்திகள் குலோத்துங்கன் மெய்க்கீர்த்திகளாலும் அக்காலத்து நூல்களாலும் அறியப்படுவன. வென்ற நிலத்தை நேரே ஆளாமல், முதன்மையான வழிகளிலும் கோட்டாறு முதலிய இடங்களிலும் நிலைப்படைகளை நிறுத்தித் திறைகொள்வதோடு அவன் அமைந்தான்.

இப்போர்களிலும் இவற்றின் பின்னர் நிகழ்ந்தவற்றிலும் முன்னின்றவருள் ஒருவர் நம் கூத்தனார். ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழன் உலாவில், உலாப்போதரும் வேந்தனைச் சூழ்ந்துவரும் தலைவர்களை வரிசையாகக் குறிப்பிடும் பகுதி ஒன்றுண்டு. ஆங்கே காலிங்கர்கோன் எனப் போற்றப்படுபவர் இவரே. வேங்கி, விழிஞம், கொல்லம், கொங்கம், இரட்டம், ஒட்டம் என அவர் வென்ற களங்கள் அங்கே அடுக்கிச் சொல்லப்படுகின்றன. வடக்கே கோதாவரி பாயும் வேங்கியையும் அதற்கு அப்பாலுள்ள ஒட்ட நாட்டையும், தெற்கே குமரிக்கு அணித்தாகிய விழிஞத்தையும் ஒருவர் தம் வாழ்நாளிற் படையொடு கண்டாரெனின், அவர் எத்துணைக் கோடையும் மாரியும் பாசறையிற் கழித்திருத்தல் வேண்டும்! புகைவண்டி இருந்த காலம் அன்று. படை நடந்து செல்லும். யானை நடக்கும் விரைவே அதன் விரைவு. ஒருகாற் சென்று மீள ஆண்டொன்றும் ஆகலாம்.

கலிங்கப் போரென்றால் நமக்குக் கருணாகரத் தொண்டைமானே நினைவிற்கு வருகின்றான். சயங்கொண்டார் அவனைப் பரணி பாடி நிலைநிறுத்திவிட்டார். கூத்தனார்க்குப் பரணி பாடுவார் எவரும் அமையவில்லை. அதனால் அவர்க்கு ஒரு குறையும் இல்லை. யான் கருதுமாறு அது நன்மையே. பரணி பாடப்பெற்றிருப்பின் நாம் பேய்களின் கூழைக் கேட்டு மகிழ்ந்து, அவர் போரின்பிற் செய்தவற்றை மறந்திருப்போம்.

அவர்க்குக் கிடைத்த பாட்டு வேறுவகைத்து. தில்லைக் கோயிற் சுவரில் முப்பதுக்கு மேற்பட்ட வெண்பாக்களும், திருவதிகை வீரட்டானத்தில் வேறு சில வெண்பாக்களும் அவர் திருப்பணிகளைக் கூறிப் பொறிக்கப்பெற்றுள்ளன. வடமொழிச் சுலோகங்களும் உடன் உள்ளன. பாடியவர் தம் பெயரை வைத்தாரல்லர். செப்பமான வெண்பாக்கள் அவை. மடத்தில் யான் மாணவனாய் இருந்த நாளில், மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை சென்றபோது எங்கள் ஆசிரியர் அவற்றைப் படியெடுத்த ஏடொன்றை வைத்துப் பொருள் சொன்னார். யாப்பிலக்கணம் கற்பிக்கும் கருத்தோடு தொடங்கியவர், பாதியில் இலக்கணத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சுட்டினார். அவ்வெண்பாக்களிற் பலவும் ஒரே அமைப்பின. இன்ன திருப்பணி செய்தான் என்பது ஒரு பாதி. பகைவர் நாடிழந்து காடு புக்கார், பாண்டியர் ஓடினார் என்பது போல வருவது மற்றொரு பாதி. வேலும் விளக்கும் நாலடிக்குள்ளே அடங்கும்.

இதனை முதலிற் கேட்டபோது எனக்கு உவப்பாக இல்லை. சந்நிதியின் அருகே பகைவர் அவலத்தை எழுதி வைப்பது தகுமோ என்று இளமைத் துடுக்கிற் கேட்டேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வினாவை யான் உடன் சுமந்து திரிந்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது. கூத்தனார் தம் வாழ்வை இரண்டாகப் பகுத்து, ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் இறைவன் திருமுன் காட்டினாரில்லை. கொன்றதும் கொடுத்ததும் ஆகிய இரண்டையும் ஒரே கல்லில் எழுதி அங்கேயே வைத்துவிட்டார். கழுவாயாகச் செய்தார் என்று எங்கும் இல்லை, கழிவிரக்கமும் புலப்படவில்லை. அவர் உள்ளத்தில் இருந்ததை நாம் புனைந்துரைத்தல் ஆகாது. கை தூயதாகும்வரை காத்திருந்து பின்னர்த் திருப்பணி தொடங்கினாரில்லை என்பதொன்றே உறுதி. போர் நடந்த காலத்திலேயே திருப்பணியும் நடந்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்துச் செல்ல என் மனம் ஒப்பவில்லை. தில்லையில் வேய்ந்த பொன்னிற் பெரும்பகுதி திறையாகவும் போர்ப்பொருளாகவும் வந்ததேயாம். பாண்டிநாடும் சேரநாடும் சிவனை வழிபடாத நாடுகளா? மதுரை வெள்ளியம்பலத்தில் ஆடுபவனும் பொன்னம்பலத்தில் ஆடுபவனும் ஒருவனே அன்றோ? ஓரூர் எரிந்த பொருளால் மற்றோரூர் ஒளிபெறுவது முறையோ என்று இக்காலத்தார் கேட்பர். கேட்கத்தக்கதே. அக்கால அறம் வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம். வென்ற பொருளைத் தன் மனைக்குக் கொண்டு போவோனைவிடக் கோயிலுக்கும் குளத்திற்கும் கொண்டு போவோன் மேலானவன் என்பதற்கு மேல் யான் ஒன்றும் வாதிடேன்.

இனி அவர் செய்தவற்றைப் பார்ப்போம். தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்தார். பொன் வேய்தல் அவர்க்கு முன்னரும் நிகழ்ந்ததே. முதற் பராந்தகன் காலத்தொட்டுச் சோழர் குடியினர் அதனைத் தம் கடனாகக் கொண்டிருந்தனர். விக்கிரமசோழனும் தன் பத்தாம் ஆட்சியாண்டாகிய 1128இல் தில்லையில் பெரும் பொற்பணிகள் செய்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறும். வேந்தன் பெயரால் நிகழ்ந்தவற்றுள்ளும் கூத்தனார் கை இருந்தது. பேரம்பலத்திற்குச் செம்பு வேய்ந்தவர் அவர். நூற்றுக்கால் மண்டபம் எடுப்பித்தார். கோயிலைச் சூழ்ந்த பெருமதிலும் திருச்சுற்று மாளிகையும் கண்டார். சிவகாமியம்மையின் திருக்காமக்கோட்டத்திற்குத் திருமாளிகை வகுத்தார். நந்தவனம் அமைத்தார், விளக்குகள் வைத்தார், விழாவில் ஊதுதற்குப் பொன்னாற் காளம் செய்தளித்தார். படைக்கு முன்னே கொம்பும் காளமும் ஊதக் கேட்டுப் பழகிய செவி அவருடையது. அவ்வோசையே இறைவன் திருவுலாவிற்கு முன்னும் எழவேண்டுமென்று விரும்பினார் போலும்.

மாசி மாதத்தில் கூத்தப்பெருமான் கடலாட எழுந்தருளும் விழா அக்காலத்தில் நிகழ்ந்தது. தில்லையிலிருந்து கடற்கரை சில கல் தொலைவு. அவ்வழியைப் பெருவழியாகச் செப்பனிட்டு, கடற்கரையில் இறைவன் எழுந்தருளியிருக்க மண்டபமும் அமைத்தார் கூத்தனார். படை நடத்தியவர்க்கன்றோ வழியின் அருமை தெரியும்! சேறும் முள்ளும் நிறைந்த வழியிற் பல்லாயிரம் பேரை நடத்திச் செல்லுவது எத்தகையது என்பதைக் கருவூலத்திலிருந்து பொன் எடுத்துக் கொடுப்போர் அறியார். கூத்தனாரின் பணிகளுள் பொன் வேய்ந்ததையே எல்லாரும் போற்றுவர். எனக்கோ இச்சாலையே பெரிதாகத் தோன்றுகின்றது. பொன்வேய்ந்த கூரையைக் கண்டு வணங்குவோர் அதன் கீழ் நிற்போரே. சாலையால் பயன் கொண்டவர்களோ பல்லக்குத் தூக்குவோரும், பந்தம் பிடிப்போரும், குழந்தையை இடுப்பிற் சுமந்து பின்னே வந்த தாய்மாரும் ஆவர். ஏரி கண்டு அதற்குக் கல்லால் மதகு அமைத்ததும் இவ்வகையைச் சார்ந்ததே. கோயிலுக்குச் செய்வதும் குடிகளுக்குச் செய்வதும் வேறுவேறு என்னும் எண்ணம் அவரிடம் இல்லை.

கூத்தனார் செய்த பணிகளுள் சைவ உலகம் என்றும் மறத்தற்கரியவை வேறிரண்டு. தில்லையில் திருப்பதிகம் ஓதுதற்கென்றே ஒரு மண்டபம் அமைத்தார். மூவர் தேவாரத் திருப்பதிகங்களைச் செப்பேடுகளில் எழுதுவித்து அங்கே சேமித்து வைத்தார்.

இதன் அருமையை உணர, திருமுறை கண்ட வரலாற்றை நினைத்தல் வேண்டும். தில்லையில் ஓர் அறையில் பூட்டப்பெற்றிருந்த ஏட்டுச்சுவடிகளிற் பெரும்பகுதி செல்லரித்து மண்ணாய்க் கிடந்ததும், வேந்தனும் நம்பியாண்டார் நம்பிகளும் எஞ்சியவற்றை மீட்டதும் நாம் சிறுவயது முதற் கேட்டுவரும் செய்தி. முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரையும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தினான். அவ்வாறு நாவில் வாழ்ந்த பாட்டிற்கு ஏட்டில் இடம் உறுதியாக இருக்கவில்லை. பனையேடு எத்துணைப் போற்றினும் சில நூறாண்டுகளுக்குமேல் நில்லாது. எழுதியவன் கைப்பிழையும் படிக்குப் படி பெருகும். நம்பிகள் காலத்து இழப்பு இன்னும் ஒருமுறை நேர்ந்தால் மீட்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

அவ்வச்சத்தை உணர்ந்தவர் ஒரு படைத்தலைவர் என்பதே என் உள்ளத்தை ஈர்ப்பது. புலவர் உணர்ந்திருக்கலாம், மடத்துத் தலைவர் உணர்ந்திருக்கலாம். ஆனால் கோட்டை எரிவதைக் கண்ணாற் கண்டவர், தீயின்முன் எது நிற்கும் எது நில்லாது என்பதை நேரிற் கண்டறிந்தவர், ஏட்டின் வாழ்நாளைப் பிறரினும் தெளிவாக அறிந்திருப்பார். வேந்தர்கள் நிலக்கொடைகளைச் செப்பேட்டில் எழுதுவர். அதாவது, அழிந்தால் வழக்கு வரும் என்று அஞ்சும் பொருளையே செம்பில் எழுதுவது உலக வழக்கு. கூத்தனார் பாட்டைச் செம்பில் எழுதினார். நம் குடிக்குரிய சொத்து இது என்று சாசனம் செய்தது போன்றது அச்செயல்.

எழுதி வைத்துப் பூட்டிவிட்டாரல்லர் என்பதையும் கருத வேண்டும். முன்னே பூட்டி வைத்ததன் பயனையே செல் தின்றது. ஆகலின் சேமிப்பிற்குச் செப்பேடு, ஓதுதற்கு மண்டபம் என இரண்டையும் ஒருங்கே செய்தார். ஓதுவார் இல்லாத இடத்துச் செப்பேடும் வெறும் தகடே.

இப்பணிகள் நிறைவுற்றுச் சில ஆண்டுகளுக்குள், அதே தொண்டை மண்டலத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் தில்லைக்கு எழுந்தருளித் திருத்தொண்டர் புராணம் அரங்கேற்றினார். கூத்தனார் அமைத்த மண்டபத்தில் அப்போது திருப்பதிகம் ஓதும் ஒலி கேட்டிருக்கும். புராணம் பாட வந்தவர் அதனைக் கேட்டிருப்பார்.

திருவதிகையில் அவர் செய்தவையும் பல. நாவரசர் சூலைநோய் நீங்கப்பெற்ற தலம் அது. வீரட்டானேசுவரர் திருக்கோயிலில் மண்டபமும் மடைப்பள்ளியும் திருச்சுற்றும் அமைத்து, அம்மையின் கோட்டத்தையும் அணிசெய்து, நாவரசர்க்கும் அங்கே திருக்கோயில் எடுப்பித்தார் கூத்தனார். அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய அதிகை, முப்புரம் எரித்த போர்க்களத் தலம்; இறைவனே வில்லேந்தி நின்ற இடம். படைவீரர் ஒருவர் அங்கே பணிசெய்ய விரும்பியது இயல்பே. ஆயினும் அவர் வில்லேந்திய மூர்த்தியை மட்டும் போற்றி அமையாமல், படைகொண்டு எதிர்த்த பல்லவ வேந்தனைப் படையின்றி வென்ற நாவரசர்க்குக் கற்றளி கண்டாரே, அதுவன்றோ சிந்திக்கத்தக்கது!

அவர் எந்நாளிற் பிறந்தார், எந்நாளில் இறைவனடி சேர்ந்தார், மக்கள் யாவர் என்பவற்றைக் கல்வெட்டுக்கள் கூறவில்லை. குலோத்துங்கன் காலத்திற் படை நடத்தி, 1118இல் ஆட்சிக்கு வந்து 1135 வரை இருந்த விக்கிரமன் காலத்திலும் பணி செய்தவர் ஆதலின், முதுமை கண்டவர் என்பது தெளிவு. ஓய்ந்த காலத்தில் ஒருநாளேனும் அந்நூற்றுக்கால் மண்டபத்தில் தூணொன்றிற் சாய்ந்து அமர்ந்து திருப்பதிகம் கேட்டிருப்பார் என எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கம். சான்று கேட்பார்க்கு இதனைக் காட்ட இயலாது.

தில்லைக்குப் பின்னர் நேர்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவேன். 1648இல் படையெடுப்பு அச்சத்தாற் கூத்தப்பெருமான் திருமேனி தில்லையை விட்டு நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைவாக இருந்து, 1686இலேயே மீண்டும் எழுந்தருளிற்று. அடுத்த நூற்றாண்டிற் கருநாடகப் போர்கள் மூண்டபோது, உயர்ந்த மதில்களை உடைய காரணத்தாலேயே கோயில் கோட்டையாயிற்று. பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மாறிமாறி அதனைக் கைக்கொண்டன. பின்னர் ஐதரலி படை உள்ளிருந்தது. 1781இல் ஆங்கிலத் தளபதி கூட் தாக்கிப் பின்வாங்கினான். ஒரு படைத்தலைவர் கட்டிய திருச்சுற்றிற் பிற்காலப் படைகள் பீரங்கிகளை நிறுத்தின. கூத்தனார் எழுதுவித்த செப்பேடுகள் நம் காலத்தார்க்குக் கிட்டவில்லை. கடற்கரை மண்டபமும் நம் காலம்வரை நிற்கவில்லை. அவர் வேய்ந்த பொன்னிற்குமேல் எத்துணை முறை புதுப்பொன் வேயப்பெற்றதோ! எனினும் பதிகங்கள் அழியவில்லை. அவை இன்றும் தில்லையில் ஓதப்படுகின்றன.

 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களிற் சீர்காழிச் சட்டைநாதர் திருக்கோயிற் குடமுழுக்கிற்காக யாகசாலை அமைக்க நிலம் அகழ்ந்தபோது, இருபதுக்கு மேற்பட்ட பஞ்சலோகத் திருமேனிகளோடு, தேவாரத் திருப்பதிகங்கள் பொறித்த நானூறுக்கு மேற்பட்ட செப்பேடுகள் வெளிப்பட்டன. ஞானசம்பந்தப் பெருமான் ஞானப்பால் உண்ட குளத்தை உடைய கோயிலில், குடமுழுக்கிற்கு முந்திய மாதத்தில், தோண்டிய மண்ணிலிருந்து பதிகம் எழுந்தது. நாளிதழில் அப்படத்தைக் கண்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. தில்லையில் கூத்தனார் வைத்த ஏடுகள் அவையல்ல. ஆயினும் பாட்டைச் செம்பில் எழுதிக் காத்த மரபு மெய் என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டா.

நம் திருக்கோயில் யாகசாலைக்குக் குழி தோண்டியபோது இச்செய்தியை நினைந்து யானும் கோலூன்றிச் சென்று அருகில் நின்றேன். உடைந்த ஓடும் செங்கற்றுண்டுமே வந்தன. அன்பர்கள் சிரித்தார்கள்.

பெரியவர் இருந்திருந்தால் அன்றும் துடைப்பத்தோடு வந்து அம்மண்ணை ஒதுக்கியிருப்பார். கூத்தனாரைப்பற்றி அப்போதேனும் அவர்க்குச் சொல்லியிருப்பேன். கேட்டு விளக்கேற்றியிருப்பாரோ, மீண்டும் நகைத்துவிட்டுப் போயிருப்பாரோ, அறியேன். அவர் ஓய்வூதியத்திற் சேர்த்து வைத்த பணத்தால் மகாமண்டபத்திற்கு நிலைவிளக்குகள் இரண்டினை அவர் பெயரர் செய்தளித்துள்ளார். உபயம் என்று பாட்டனார் பெயரைப் பொறிக்க வேண்டா என்பது பெயரர் கருத்து. பொறித்தே ஆகவேண்டும் என்பது திருப்பணிக் குழுவினர் கருத்து. என்னைக் கேட்டார்கள். விக்கிரமசோழன் திருமண்டபத்துத் தூண்களைப்பற்றி அவர்களுக்குச் சொன்னேன். இம்மலர் அச்சேறும் நாள்வரை விளக்கின் அடிப்பகுதி எழுத்தின்றியே இருக்கின்றது.